குந்து கட்டினால் சனம் குந்தும்

அந்த ஒழுங்கையின் அகலம் பதினொரு அடி. சில இடங்களில் ஒன்பதுதான். முதல் நாள் அளவுநாடாவின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை நான் இழுத்துப் பார்த்தபோது, வீட்டு வாசலில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த பெண் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“அளந்து என்ன காணப்போறியள் மிஸ்? போனமுறை வந்தவையும் அளந்தவை. அதுக்கு முந்தி வந்தவையும் அளந்தவை. ஒழுங்கை இன்னும் வளரேல்லை.”

வடக்கே கொழும்புத்துறைப் பக்கம், பெரிய தெருவிலிருந்து கடலேரிக் கரைக்கு இறங்கும் ஒழுங்கை அது. இரண்டு பக்கமும் நாற்பத்தெட்டு வீடுகள். வீடு என்றால் ஒரு அறையும் ஒரு குசினியும். மாரி மழைக்குக் கடலேரித் தண்ணீர் முழங்கால்வரை உள்ளே வந்து போகும். அந்த வீடுகளை இடித்துவிட்டு, அதே காணியில் அதே குடும்பங்களுக்கு நான்கு தட்டில் தொடர்மாடி கட்டுவது என்று முடிவாகியிருந்தது. வரைபடம் கீறும் வேலை எனக்குக் கிடைத்தது.

நான் கட்டடக் கலைஞர். தெற்கில் படித்து, கொழும்பில் பதினைந்து வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள். கொழும்பில் நான் கீறியவையெல்லாம் உயரமான மாடிகள். அவற்றில் இருப்பவர்களுக்கு எதிர்க்கதவுக்காரரின் முகம் தெரியாது. ஒருநாள் நானே கீறிய கட்டடம் ஒன்றின் கீழே நின்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தத் தெருவில் ஒரு மனிதர்கூட நடக்கவில்லை என்பதைக் கண்டேன். ஒரு காவலாளி மட்டும் கூண்டுக்குள் இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெருக்கமாகக் கட்டுவதால் தெரு சாவதில்லை, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டுவதால்தான் சாகிறது என்று அன்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு அதையே நம்பினேன். அதைச் செய்துகாட்ட ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். பதினொரு அடி ஒழுங்கை அப்படித்தான் என் கையில் வந்தது.

மூன்று கிழமை அங்கே போய் இருந்தேன். அப்பக்கார அக்கா தன் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தந்தார். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு நாற்பத்தொன்று. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். வீட்டின் முன்பக்க மூன்று அடிதான் அவருடைய கடை. விடிய ஐந்து மணிக்கு அடுப்பு எரியும். கரைக்கு வந்த கடல்தொழிலாளிகள், வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒன்பது மணிவரை சனம். பத்து மணிக்கு அவர் அடுப்பை உள்ளே எடுக்க, அதே இடத்தில் பெண்கள் இருந்து நண்டு உடைப்பார்கள். மத்தியானம் வலையின் கிழிசல் பொத்துவார்கள். நாலு மணிக்குப் பொடியள் விளையாடக் கரம் பலகை வரும். ஒரே மூன்று அடி நிலத்தில் நாள் முழுவதும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. நான் நேரத்தை எழுதி, ஆட்களைப் புள்ளிபோட்டு, புத்தகம் நிரப்பினேன்.

அவருக்கு ஒரு மகள். பட்டணத்தில் ஒரு வங்கியில் வேலை. காலையில் அம்மாவின் அடுப்பைச் சுற்றி நிற்கும் சனத்துக்குள்ளால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழைய செருப்போடு ஒழுங்கை முகப்புவரை நடந்து போவாள். அங்கே ஸ்கூட்டியின் பெட்டியைத் திறந்து வேலைக்குப் போடும் செருப்பை எடுத்து மாற்றுவாள். மீன்தண்ணியில் அது பழுதாகாமல் இருக்க. என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பாள். மூன்று கிழமையில் ஒருநாளும் அவள் என்னோடு நின்று கதைத்ததில்லை. நானும் அவளைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஒழுங்கையில் இருப்பவர்களைத்தானே எழுதினேன். அவள் ஒழுங்கையால் போகிறவள்.

வரைபடம் கீற நாலு மாதம் எடுத்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததில்லை. ஒழுங்கையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு கட்டடம். பதினொரு அடியைப் பதினெட்டாக்கினேன். அதற்கு மேல் அகட்டினால் எதிர்வீட்டுக்காரரோடு கத்தாமல் கதைக்க முடியாது. கீழ்த்தட்டு வீடுகள் எல்லாவற்றுக்கும் வாசல் நேரே ஒழுங்கையில். எட்டு வீடுகளுக்குக் கடை போட முன்னால் ஒரு சின்ன இழுகதவு. மாடிப்படிகள் இருட்டு மூலையில் இல்லை, வெளிச்சமாக ஒழுங்கைக்கே இறங்கும். மேல்தட்டுகளில் அகலமான விறாந்தை, அங்கே நின்று கீழே போகிறவரைக் கூப்பிடலாம். வாசல்களை ஒட்டி முழங்கால் உயரத்தில் ஒரு சீமெந்துக் கட்டு. நாங்கள் குந்து என்று சொல்வது. யாரும் இருக்கலாம், சாமான் வைக்கலாம். சுற்றுமதில் இல்லை. கரைக்குப் போகிற வேறு சனமும் முன்போல அந்த வழியால் போகலாம்.

எனக்கு வேலை தந்த வீடமைப்பு அலுவலகத்தின் பணிப்பாளருக்காகப் பெரிய வண்ணப்படம் ஒன்றும் கீறினேன். காலை நேரம். சனம், சைக்கிள், வலை. இடது பக்கக் கீழ்மூலையில் அப்பக்கார அக்காவை, புகையோடு கீறினேன்.

தேவாலயப் பங்கு மண்டபத்தில் சனத்தைக் கூட்டி வரைபடத்தைக் காட்டினோம். பணிப்பாளர் கதிரையில் இருந்தார். நான் எழும்பி நின்று விளக்கினேன். வீடுகளின் அளவு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். பிறகு, “ஏதும் கேக்க இருக்கோ?” என்றேன். பின்வரிசையில் அப்பக்கார அக்காவின் மகள் எழும்பினாள். வங்கியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், சேலையில் பெயர்ப்பட்டி குத்தியிருந்தது.

“மிஸ், நீங்கள் எங்கை இருக்கிறியள்?”

“நல்லூரிலை.”

“சொந்த வீடோ?”

“ஓம்.”

“மதில் இருக்கோ?”

யாரோ சிரித்தார்கள். இருக்கு என்றேன்.

“எவ்வளவு உயரம்?”

“ஏழடி.”

அது முன்பு ஐந்து அடியாகத்தான் இருந்தது. பக்கத்து ரியூசன் நிலையத்துக்கு வரும் பிள்ளைகள் மதிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, அதன்மேல் ஏறி இருந்து கதைக்கிறார்கள் என்று, முந்திய வருடம்தான் ஆள் பிடித்து ஏழாக்கினேன். அதை நான் அங்கே சொல்லவில்லை. ஆனால் சொன்னதுபோல முகம் சுட்டது.

“அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் மிஸ் மதில் இல்லாமல் கீறியிருக்கிறியள்?” அவள் சத்தம் போடவில்லை. வங்கியில் வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். “நாங்கள் ஒழுங்கையிலை இருக்கிறது ஒழுங்கை நல்லா இருக்கெண்டு இல்லை. வீட்டுக்குள்ளை இடமில்லை, அதுதான். நான் சோதினைக்குப் படிச்சது ஒழுங்கை லைற்றுக்குக் கீழை. போற வாற எல்லாரும் என்ரை புத்தகத்தை எட்டிப் பாப்பினம். என்னைப் பொம்பிளை பாக்க வந்தவை ரெண்டு தரம் ஒழுங்கை முகப்பிலையே திரும்பிப் போட்டினம். உந்தப் படத்திலை அம்மாவையும் கீறியிருக்கிறியள். வடிவாத்தான் இருக்கு. அந்தப் புகையாலை அவவுக்கு இருமல். அது படத்திலை தெரியாது.”

மண்டபம் கைதட்டியது. முதலில் இளம் பிள்ளைகள், பிறகு எல்லோரும்.

வீட்டுக்குள் இடமும் தரலாம், வெளியே ஒழுங்கையும் இருக்கலாம், ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை. வெளியே இருப்பது கட்டாயமாக இல்லாமல் விருப்பமாக இருக்கும்போதுதான் அது இனிமை. புகைக்குப் புகைபோக்கி வைக்கலாம். இவ்வளவும் எனக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஞாபகம் வந்தது. மண்டபத்தில் ஒன்றும் வரவில்லை. ஏழடி என்ற என் சொந்தக் குரலே காதுக்குள் நின்றது.

பணிப்பாளர் எழும்பி, “அப்ப சுற்றுமதில் வேணும் எண்டிறவை கையை உயர்த்துங்கோ” என்றார். கைகள் எழும்பின. நான் அப்பக்கார அக்காவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கையை உயர்த்தினார். காது உயரம்வரைதான், ஆனால் உயர்த்தினார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மதில் வந்தால் கேற் வேண்டும். கேற் வந்தால் வாகனம் நிறுத்த முற்றம் வேண்டும். முற்றம் வந்தால் வாசல்கள் எல்லாம் முற்றத்துக்குத் திரும்ப வேண்டும். ஒழுங்கையைக் காணியின் ஓரத்துக்குத் தள்ளி, எங்கள் மதிலுக்கும் பக்கத்துக் காணி மதிலுக்கும் நடுவால் விட்டார்கள். சனம் கேட்டது மதிலை மட்டும்தான். மற்றவையெல்லாம் அலுவலகம் கேட்டது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பணிப்பாளர், “சனமே கேட்டது மிஸ்” என்றார். இழுகதவுகள் போயின, குடியிருப்பில் வியாபாரம் கூடாதாம். விறாந்தை ஒடுங்கியது. கடைசியில் முற்றத்தில் என்றாலும் இருக்கட்டும் என்று நான் குந்தை மட்டும் விடாமல் கீறிக் கொண்டுபோனேன். அவர் பேனாவால் அதை வட்டமிட்டார்.

“இது என்ன?”

“குந்து, சேர்.”

“குந்து கட்டினா அதிலை சனம் வந்து குந்துமெல்லோ?”

“அதுக்குத்தான் சேர்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “குந்தினாக் கதைக்குங்கள். கதைச்சாச் சண்டை வரும். சண்டை வந்தா எனக்குத்தான் கடிதம் வரும். எடுத்துவிடுங்கோ.”

எடுத்துவிட்டேன். வேலையைக் கைவிட்டிருக்கலாம். நான் விட்டால் இதைவிட மோசமானவர் யாரும் வருவார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். இந்தத் தொழிலில் அதைச் சொல்லாமல் கையெழுத்து வைத்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ஒன்பது நாளில் முழுவதையும் திருப்பிக் கீறி, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வைத்தேன்.

கட்டி முடிய இரண்டு வருடம் எடுத்தது. அதுவரை குடும்பங்கள் சொந்தக்காரர் வீடுகளிலும் தகரக் கொட்டில்களிலும் இருந்தன. வீடுகளைக் குலுக்கலில் கொடுத்தார்கள். அப்பக்கார அக்காவுக்குக் கீழ்த்தட்டில் ஒன்று கொடுக்கச் சொல்லி நான் கேட்டேன். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார்கள். அவருக்கு விழுந்தது மூன்றாம் மாடி. திறப்புவிழா அன்று வீட்டுக் கதவின் திறப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, “நல்ல காத்து வரும் என்ன மிஸ்?” என்று சிரித்தார். நானும் ஓம் என்றேன்.

முதல் சில மாதம் அவர் மேலே அப்பம் சுட்டார். வாங்க வருகிறவர்கள் மதிலுக்கு வெளியே நின்று கூப்பிட, பனையோலைப் பெட்டியில் கயிறு கட்டி இறக்கினார். அதை நான் என் கண்ணால் கண்டேன். கண்டபோது எனக்குள் ஒரு சின்ன வெற்றிகூட வந்தது, பார்த்தீர்களா என்று. ஆனால் எண்ணெய்ப் புகை பக்கத்து வீடுகளுக்குள் போகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் முறைப்பாடு வந்தது. வெளியார் மதிலடியில் நின்று சத்தம் போடுவதும் கூடாது என்றார்கள். ஒழுங்கையில் அவரிடம் வருடக்கணக்காக அப்பம் வாங்கித் தின்றவர்கள்தான் சங்கத்தில் இருந்தார்கள். அவர் பெட்டியை உள்ளே எடுத்துவிட்டார்.

இரண்டு மதில்களுக்கு நடுவில் போன ஒழுங்கைக்கு ஒரு வாசலும் இல்லை, ஒரு யன்னலும் இல்லை. ஆறு மாதத்துக்குள் குப்பைப் பைகள் அங்கே விழத் தொடங்கின. பொழுதுபட்டால் பெண்கள் அந்த வழியால் கரைக்குப் போவதை விட்டுவிட்டு, பெரிய தெருவால் சுற்றிப் போனார்கள். முற்றத்தில் ஸ்கூட்டிகளும் இரண்டு முச்சக்கர வண்டிகளும் நின்றன. கரம் பலகை யாருடைய கட்டிலுக்குக் கீழே போனதென்று தெரியாது. அலுவலகத்தின் சஞ்சிகையில் கட்டடத்தின் படம் வந்தது. கீழே என் பெயர். படத்தில் ஆட்களே இல்லை. படம் எடுத்தவர் ஆட்கள் விலகும்வரை காத்திருந்தார் என்று நினைக்க எனக்கு ஆசை. அங்கே காத்திருக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

ஆனால் ஒன்று நடந்தது. அதை நான் மறைக்கக் கூடாது. மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, முற்றத்தில் காரை விட்டு, படியேறிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் முகப்பில் திரும்பவில்லை. அவள் கோண்டாவில் பக்கம் கலியாணம் முடித்துப் போனாள். அக்கா மூன்றாம் மாடியில் தனியே இருந்தார். முழங்கால் வருத்தத்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் கீழே இறங்குவார் என்று கேள்விப்பட்டேன்.

போன மாரிக்குக் கொஞ்சம் முந்தி அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. காலையில் விழுந்தவர் அடுத்தநாள் மத்தியானம்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். கதவு பூட்டு. மகள் எடுத்த அழைப்புகளுக்குத் தொலைபேசி கட்டிலில் அடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அம்மா நித்திரையாக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். கடைசியில் கீழ்வீட்டுப் பெண் படியேறிப் போனாள். இவரைத் தேடி இல்லை. மூடாமல் விட்ட குழாய்த் தண்ணீர் தன் வீட்டுக்குள் ஒழுகுகிறது என்று சண்டை பிடிக்கப் போனாள். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கோபத்தோடு இறங்கிப் போய் ஆட்களைக் கூட்டிவந்தாள். அவர்கள் கதவை உடைத்தார்கள்.

ஒழுங்கையில் என்றால், ஐந்தேகாலுக்கு அடுப்பு எரியாவிட்டால் பத்துப் பேர் கதவடியில் நின்றிருப்பார்கள். இது எனக்குத் தெரியும். என் புத்தகத்தில் நேரத்தோடு எழுதியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் சுருங்கிப்போய்க் கிடந்தார். மகள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சுகம் கேட்டேன். அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“தங்கச்சி, எனக்கு உங்களிலை கோவம் இல்லையெண்டு நினையாதையுங்கோ. கோவம்தான்.”

“அம்மா, சும்மா இருங்கோ” என்றாள் மகள்.

“நான் சொல்லத்தான் வேணும். அண்டைக்கு இவள் எழும்பிக் கதைச்சாள். இவள் என்ரை பிள்ளை. இவள் கதைக்க நான் எதிர்த்துக் கதைக்கேலுமோ? நீங்கள் கதைச்சிருக்கலாம். மூண்டு கிழமை என்ரை அடுப்படியிலை இருந்தியள், எல்லாம் எழுதினியள். படிச்ச ஆள். உங்களுக்குத் தெரியும் என்ன வருமெண்டு. வாயைத் திறக்கேல்லை.”

உண்மைக்கு நான் தலைகுனிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. “அக்கா, நீங்களும் கையை உயர்த்தினியள்” என்றேன். இடுப்பு முறிந்து கிடக்கிற ஒருவரிடம்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகள் என்னோடு வெளி விறாந்தைவரை வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “எனக்கு அந்த மதில் வேணுமாத்தான் இருந்தது மிஸ்” என்றாள். “இப்பவும் நான் கேட்டது பிழையெண்டு நினைக்கேல்லை. உங்களுக்கெல்லாம் இருக்கிறதைத்தான் கேட்டனான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வைச்சிருக்க என்ரை புருசன் வீட்டாருக்கு விருப்பமில்லை. அதுக்கு மதில் என்ன செய்யும், நீங்கள் என்ன செய்யிறது?”

முதல் நாளே அவளை மறித்து, உனக்கு என்ன வீடு வேண்டும் பிள்ளை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மண்டபத்தில் அவள் எழும்பியிருக்க மாட்டாளோ என்னவோ. எழும்பியிருந்தாலும் என்னிடம் ஒரு பதில் இருந்திருக்கும்.

அக்காவைக் கன்னியாஸ்திரிமார் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் விட்டார்கள். நான் ஒருதரம் போனேன். நித்திரை என்றார்கள். மூன்றாம் மாடி வீட்டில் இப்போது வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார்.

இந்த வருடத் தொடக்கத்தில் பணிப்பாளர் அழைத்தார். கடலோரத்தில் இன்னொரு காணி, இன்னும் எழுபது குடும்பம்.

“உங்கடை பிளான் எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு மிஸ். அதையே போடுவம். காணி கொஞ்சம் நீளம், ஒரு கட்டடம் கூடப் போட்டாச் சரி.”

“சேர், என்ரை பிளான் முதல் கீறினது. அதைப் போடுறதெண்டா வாறன்” என்றேன். மண்டபத்தில் சொல்ல வேண்டியதை நாலு வருடம் பிந்தி, ஆளில்லாத அறையில், தொலைபேசிக்குச் சொன்னேன்.

“பாப்பம் மிஸ்” என்று மரியாதையாக வைத்துவிட்டார்.

நான் மறுத்துவிட்டேன் என்ற திருப்தி சில கிழமை இருந்தது. பிறகு அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வரைபடங்கள் அலுவலகத்தின் சொத்து, அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

“மிஸ், குறை நினையாதையுங்கோ. உங்கடை பிளானிலை மாடிப்படி அகலம் ஒரு தாளிலை நாலடி எண்டு கிடக்கு, மற்றதிலை மூண்டரை எண்டு கிடக்கு. எதைப் போடுறது?”

ஒன்பது நாளில் அவசரப்பட்டுக் கீறியதில் வந்த பிழை அது. வைத்துவிடலாமா என்று நினைத்தேன். அவள் மறுபக்கத்தில் பென்சிலோடு காத்திருந்தாள்.

“நாலடி போடும் பிள்ளை” என்றேன். “ஆளைத் தூக்கி இறக்க இடம் வேணும்.”

அவள் நன்றி சொன்னாள். இன்னும் இரண்டு அளவு சரிபார்க்க வேண்டும் என்றாள். அவற்றையும் சொன்னேன்.